குற்றாலத்தில் ஒரு நாள் மலேசியா

பழைய பேப்பர் கடைத் தராசில் நீலநிறப் பை ஒன்று ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருந்தது. சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு ஒன்பது கிலோ இருநூறில் நின்றன.

"இதையும் எடைக்குப் போடுதியளாம்மா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. இது மலேசியாவுக்குப் போற பை," என்றாள் ஹஸீபா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தென்காசியில் இப்படி ஒரு பதில் வரும் என்று அண்ணாச்சி நினைத்திருக்கவில்லை. சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

ஹஸீபா பையைத் திறந்தாள். கணவன் ஆதமின் கைலிச் சாரம் மூன்று மடித்து வைத்திருந்தது. இரண்டை உருவி எடுத்தாள்.

"அதுல கை வைக்காத," என்றான் ஆதம். "சாரம் இல்லாட்டி எனக்கு உறக்கம் பிடிக்காது."

"ஒண்ணு உள்ள இருக்குல்லா மச்சான். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா உடுத்திக்கிட்டா உறங்குதிய?"

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாரத்துக்குப் பிறகு ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது, தேங்காய் எண்ணெய் வந்தது, யாருக்கும் தெரியாமல் ஆதம் அடியில் சொருகியிருந்த இஸ்திரிப் பெட்டியும் வந்தது. தராசு ஆறு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அவர்களுடைய நாலு வயது மகள் மாஜிதா தானும் தராசில் ஏறி நின்றாள்.

"உம்மா, நான் எத்தன கிலோ?"

"பதினாலு. ஒன்னயப் பையில வைக்க முடியாது. ஒனக்குத் தனி டிக்கெட்டுதான்."

விஷயம் இதுதான். ஆதம் எட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்தவன். ஏழு பேர் ஓர் அறை, வெள்ளிக்கிழமையானால் துணி துவைப்பு. கல்யாணமான கையோடு ஹஸீபாவுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். "சம்பளம் கொஞ்சம் ஏறட்டும், ஃபேமிலி விசா போட்டுருதேன்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னான். சம்பளம் ஏறவில்லை. கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. அவன் ஊருக்கு வந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டான். பாஸ்போர்ட் பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், அப்படியே கிடந்தது.

வருகிற மார்ச்சில் அதன் பத்து வருடம் முடிகிறது. மலேசியாவுக்குப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆகஸ்ட்தான் கடைசி.

"புதுசு எடுத்தாப் போச்சு," என்பான் ஆதம்.

ஹஸீபாவுக்கு அதில் சம்மதம் இல்லை. பாஸ்போர்ட்டின் உள்ளே ஒரு புதுப்பெண்ணின் படம் இருந்தது. இருபத்திரண்டு வயது. கை நிறைய மருதாணியோடு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து, நாளைக்கே விமானம் ஏறப் போகிறவள் மாதிரிக் கண்ணை விரித்துக்கொண்டிருந்தவள். முப்பத்தாறு பக்கத்திலும் ஒரு முத்திரை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு முத்திரையாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஹஸீபா நினைத்தாள். அவ்வளவுதான் ஆசை.

இரண்டு மாதமாக அவள் செல்போனில் தேடிக்கொண்டே இருந்தாள். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு சலுகை டிக்கெட் வந்தது. சாப்பாடு கிடையாது. ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் பை கிடையாது. ஆனால் விலையைப் பார்த்தால் சென்னைக்குப் போய்வரும் செலவுதான். விசாவும் வேண்டாம். சமையலறையோடு சின்ன அறை ஒன்றையும் பார்த்து வைத்துவிட்டாள். சலுகை இந்த ஞாயிறு மாலை ஆறு மணியோடு முடிகிறது.

ஆதமுக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை. வெளிநாடு என்றால் அவனுக்கு அட்டைப்பெட்டி, கயிறு, பெட்டியின் நாலு பக்கத்திலும் மார்க்கரில் பெயர். ஏழு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் கடல் தாண்டுவான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கெடையாது அங்கன. ஷார்ஜாவுல எனக்குக் காய்ச்சல் வந்தப்பம் ரூம்ல ஆறு பேரு இருந்தானுவ. கஞ்சி வச்சிக் குடுத்தானுவ. சின்னப் புள்ளையக் கூட்டிக்கிட்டு யாருமில்லாத ஊருக்குப் போயி, அதுக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட போய் நிப்ப?"

"அப்பம் ஒரு நாள் ஒத்திகை பாப்போம்," என்றாள் ஹஸீபா. "தெரிஞ்ச ஆளு யாரும் இல்லன்னு வச்சிக்கிட்டு ஒரு நாள் புள்ளையோட வெளிய சுத்துவோம். சரியா வரலன்னா நான் டிக்கெட்டு பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஆதம் யோசித்தான். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமைக் குற்றாலத்தைவிடக் கடினமான இடம் உலகத்தில் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"குத்தாலத்துக்குப் போவோம்," என்றான்.

விதிகள் இரண்டே. ஒரே பை. தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் உதவி கேட்கக் கூடாது, நின்று பேசவும் கூடாது. ஹஸீபா மகளை முன்னால் நிறுத்திப் பாடம் சொன்னாள்.

"இன்னைக்கு நாம மலேசியாவுல இருக்கோம். இங்கன யாருக்கும் நம்மளத் தெரியாது. நமக்கும் யாரையும் தெரியாது. உம்மாவும் வாப்பாவும் கண்ணுல படலன்னா நீ என்ன செய்யணும்?"

"நடக்கக் கூடாது. கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். காக்கிச் சட்டை வந்தா அட்டையக் காட்டணும்."

அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. ஆதம் கடையிலேயே லேமினேட் செய்தது. பெயர், தாய் தகப்பன் பெயர், தங்கும் இடம், போன் நம்பர் என்று ஹஸீபா ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்திருந்தாள். போன் நம்பர் இடம் மட்டும் காலி.

"நம்பர் எங்க?" என்று கேட்டான் ஆதம்.

"அங்க போயி சிம் வாங்குனப்பொறவு மார்க்கர்ல எழுதிக்கிடலாம்."

மினி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஹஸீபா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரியாத நாட்டில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். டிரைவர் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். பிச்சைமணி. ஆதமோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

"ஏலே ஆதம், முன்னால வாலே. எஞ்சின் பக்கத்துல இடம் இருக்கு."

ஆதம் அடுத்த நிமிடம் எஞ்சின் பக்கத்தில் இருந்தான்.

"வாப்பா, அவுகள நமக்குத் தெரியாது," என்றாள் மாஜிதா, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பிச்சைமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பினான். "யாரத் தெரியாது? ஒங்க வாப்பாவ நான் அரைக்கால் டவுசர்லயே பாத்தவன்."

"நாங்க மலேசியா."

"அப்படியா. அப்பம் டிக்கெட்டுக் காச மலேசியா ரிங்கிட்டுல குடுக்கச் சொல்லு."

"ஒண்ணு," என்றாள் ஹஸீபா, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கணவனிடம் மெதுவாக. அவன் விதி மீறுவதை அவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தருவியில் பழக்கடைக்காரன் ஆதமின் கடை வாடிக்கைக்காரன். இரண்டு மங்குஸ்தானைக் கையில் திணித்துவிட்டான். ரெண்டு. சாப்பாட்டு மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது உள்ளேயிருந்து ஒருவர் "ஆதம் தம்பி" என்று கூப்பிட்டுப் பின்வாசல் வழியாக உட்கார வைத்தார். மூணு. பின்னாலேயே சொல்லாமல் வந்த ஆம்லெட், நாலு. ஹஸீபா மட்டும் மகளோடு வரிசையிலேயே நின்று, தன் முறை வந்தபோது இரண்டு தோசை வாங்கினாள்; இருவருமாகச் சாப்பிட்டார்கள். மழைச் சாரல் விழுந்தபோது பைக்குள்ளிருந்து குடை வந்தது. மாஜிதா சட்டையில் சட்னி கொட்டியபோது மாற்றுச் சட்டை வந்தது, மஞ்சள் கவுன். பிள்ளை சிணுங்கியபோது பொரி வந்தது. ஏழு கிலோவுக்குள் ஒரு குடித்தனமே இருந்தது.

"என்னத்த சொல்ல," என்றான் ஆதம், ஆம்லெட் ஏப்பத்தோடு. "கொஞ்சம் சமாளிக்கத்தான் செய்யுத."

அவன் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது. மணி மூன்று. இன்னும் மூன்று மணி நேரம். ஹஸீபா மனசுக்குள் டிக்கெட்டை முக்கால்வாசி எடுத்துவிட்டாள்.

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியது. அந்த நெரிசலுக்குள் பிள்ளையைக் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை.

"மாஜியப் பாத்துக்கிடுங்க. அஞ்சே நிமிஷம். கைய விட்றாதிய."

"என் புள்ளையப் பாத்துக்க எனக்குத் தெரியாதாட்டி," என்றான் ஆதம்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் உலகம் அடங்கிப் போனது. காதில் வேறு சத்தமே இல்லை. தோளில் யாரோ அடித்து அடித்து எழுப்புவது போல இருந்தது. ஹஸீபா கண்ணை மூடிக்கொண்டு, அந்த முதல் முத்திரை எந்தப் பக்கத்தில் விழும் என்று யோசித்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஆதம் அதே இடத்தில்தான் நின்றான். எதிரே ஒரு தடித்த மனிதர் ஈரத் துண்டோடு நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹஸீபா, இவன்தான் கணேசமூர்த்தி. வாசுதேவநல்லூர். நான் சொல்லுவேன்லா, ஷார்ஜாவுல எனக்குக் கஞ்சி வச்சிக் குடுத்தவன். பத்து வருஷம் கழிச்சுப் பாக்கேன்."

ஹஸீபா அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அவள் ஆதமின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தொடை உயரத்தில், ஒரு சின்னக் கையைப் பிடித்திருக்கிற மாதிரியே மடங்கி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மாஜி எங்க?"

ஆதம் குனிந்து தன் கையைப் பார்த்தான். பிறகு அவன் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை.

மூன்று பேரும் மூன்று பக்கம் பிரிந்தார்கள். ஹஸீபா எண்ணெய் தேய்க்கிற இடத்தில் பார்த்தாள், சிப்ஸ் கடைகளில் பார்த்தாள், உடை மாற்றும் அறையில் கதவு கதவாகத் தட்டினாள். மஞ்சள் கவுன் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். சீசனில் பாதிப் பிள்ளைகள் மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தன. முத்திரையும் வேண்டாம், விமானமும் வேண்டாம் என்று அவள் வாய் தன்னால் முணுமுணுத்தது. பாலத்துப் பக்கம் ஆதம் எதிரே ஓடி வந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் இல்ல."

"இந்தப் பக்கமும் இல்ல."

அப்போது கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "அட்டென்ஷன் ப்ளீஸ். ஒன் மலேசியன் பேபி கேர்ள். பேரன்ட்ஸ் கம் டு போலீஸ் அவுட்போஸ்ட்." ஒரு பெண் குரல் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தை முடித்துவிட்டு, நிம்மதியாகத் தமிழுக்கு வந்தது. "மலேசியா நாட்டிலிருந்து சுற்றுலா வந்துள்ள நாலு வயதுப் பெண் குழந்தை, புறக்காவல் நிலையத்தில் பத்திரமாக உள்ளது." தொடர்ந்து வாசித்த பெயர் அருவிச் சத்தத்தில் கரைந்து போனது.

"பாவம், எவனோ மலேசியாக்காரன் புள்ளையத் தொலச்சிட்டு அலையுதான் போல," என்றபடி ஆதம் அடுத்த சந்துக்குள் ஓடினான்.

ஹஸீபா நின்றுவிட்டாள். ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"மச்சான்," என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் சிப்ஸ் கடைக்காரர் கரண்டியைக் கீழே போட்டார். "அது நாமதான்."

புறக்காவல் நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாஜிதா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிரிக்காத பிஸ்கெட் பாக்கெட். பக்கத்தில் பெண் காவலர் ஒருத்தர், சட்டையில் இசக்கிசெல்வி என்று பெயர், கையில் அந்த லேமினேட் அட்டை.

ஹஸீபா பிள்ளையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். ஈரத் தலைமுடி பிள்ளை முகமெல்லாம் ஒட்டியது.

"பேரன்ட்ஸ் ஃப்ரம் மலேசியா?" என்று எழுந்த இசக்கிசெல்வி, பின்னால் ஒற்றைச் செருப்போடு வந்தவனைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ஜெராக்ஸ் கடை ஆதம் அண்ணன்லா. முந்தாநாள்தான ஒங்க கடையில ஆதார் பிரிண்ட் எடுத்தேன். மலேசியாவுக்கு எப்பம் போனிய?"

ஆதமுக்கு மூச்சு வாங்கியது. ஹஸீபாவைக் கையால் காட்டினான்.

"அட்டையில கோலாலம்பூர்னு விலாசம் போட்டிருக்கு, போன் நம்பர் இல்ல. எந்த ஊருட்டின்னு கேட்டா மலேசியாங்கா. தமிழ் நல்லாப் பேசுதியேன்னு கேட்டேன். எங்க உம்மா சொல்லித் தந்தாங்கன்னுட்டா. பிஸ்கெட்டு குடுத்தா, 'உங்கள எனக்குத் தெரியாது'ங்கா. நானும் எஸ்.ஐ. சாருக்கு போனப் போட்டு, சுற்றுலா ஆபீஸ்ல சொல்லி, தூதரகம் எங்க இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஹஸீபா தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். சாரத்தில் ஆரம்பித்துச் சொன்னாள். இசக்கிசெல்வி கொஞ்ச நேரம் போலீஸ் முகத்தோடு கேட்டாள். கதையில் ஆம்லெட் வந்ததும் அவளால் முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன்க்கா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாரத்துக்குப் பத்துப் புள்ள இங்கன தொலையுது. எல்லாம் அழுதுக்கிட்டு ஓடும். இது சோப்பு நுரை ஊதுறவன் பின்னால போயிருக்கு. திரும்பிப் பாத்தா நீங்க இல்ல. உடனே லைட்டுக் கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு. நான் பக்கத்துல போனதும் அட்டைய நீட்டுது. இப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல."

கணேசமூர்த்தியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். விஷயம் தெரிந்ததும், "கோலாலம்பூரா? எங்க மச்சினன் அங்கனதான் இருக்கான்" என்று ஒரு சீட்டில் நம்பர் எழுதி ஆதம் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் மணி ஐந்தே கால். மாஜிதா இப்போதுதான் அந்த பிஸ்கெட்டைப் பிரித்தாள். ஹஸீபா டீயைத் தொடவில்லை.

"விட்ருவோம் மச்சான்," என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி. இங்கனயே இப்படி. தெரியாத ஊர்ல ஆகியிருந்தா…" மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண் படத்தில் அப்படியே கண்ணை விரித்துக்கொண்டு இருக்கட்டும்.

ஆதம் டீயைச் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எத்தன தடவ தப்பு பண்ணுனேன்? எண்ணிக்கிட்டேதான இருந்த?"

"கணேசமூர்த்தி அண்ணனோட அஞ்சு."

"அஞ்சும் யாரு? தெரிஞ்ச ஆளு." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "யாரையும் தெரியாதுன்னு நெனச்ச புள்ள, கம்பத்த விடாம நின்னுச்சு. எல்லாரையும் தெரியும்னு நெனச்சவன் புள்ள கைய விட்டுட்டேன். கணேசமூர்த்தி மட்டும் வரலன்னா நான் எவன்கிட்ட பேசியிருப்பேன்? புள்ளையத்தான பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்."

ஹஸீபா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மலேசியாவுல பிச்சைமணி உண்டா?"

"கெடையாது."

"மெஸ்ஸுல பின்வாசல்?"

"கெடையாது. நாம வரிசையிலதான் நிக்கணும்."

"அப்பம் போடு டிக்கெட்ட."

அவள் செல்போனை எடுக்கப் போனாள். அதற்கு முன் ஒரு காரியம் இருந்தது. வலது கையை நீட்டினாள். "அந்தச் சீட்ட இங்க தாங்க."

"எந்தச் சீட்ட?"

"கணேசமூர்த்தி அண்ணன் மச்சினன் நம்பர. அது என்கிட்ட இருக்கட்டும். ஒங்ககிட்ட இருந்தா ஏர்போர்ட்டுல எறங்குன ஒடன அவரத் தேடிப் போயிருவிய."

ஆதம் திருட்டு முழி முழித்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தான்.

சாரலில் சிக்னல் வந்து வந்து போனது. மூன்று பெயர், மூன்று பாஸ்போர்ட் நம்பர். ஆதமுடையதும், மாஜிதாவுக்கு எடுத்து வைத்திருந்ததும் செல்போனில் படமாக இருந்தன. ஹஸீபாவுக்குத் தன் நம்பரைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து வருடமாக மனப்பாடம். ஐந்து நாற்பத்தெட்டுக்கு டிக்கெட் வந்து விழுந்தது. ஆகஸ்ட் பன்னிரண்டு.

ஆதம் டீக்கடையில் மார்க்கர் ஒன்றை இரவல் வாங்கினான். மகளை முன்னால் நிறுத்தி, கழுத்து அட்டையைப் பிடித்து, காலியாக இருந்த இடத்தில் தன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். திருப்பி, பின்பக்கமும் எழுதினான். அட்டைப்பெட்டிக்கு எழுதிப் பழகிய கை.

"அந்த சிம் வாங்குனப்பொறவு இத அழிச்சுக்கிடலாம்," என்றான். "அதுவரைக்கும் கெடக்கட்டும்."

தென்காசி மினி பஸ் வந்தது. பிச்சைமணிதான். ஆதம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றான்.

"ஏலே ஆதம், முன்னால வா," என்றது குரல்.

"மன்னிக்கணும். நீங்க யாருன்னு தெரியல," என்றான் ஆதம்.

பஸ்ஸே சிரித்தது. ஹஸீபா குனிந்து மகளின் காதோரம் சொன்னாள்: "மாஜி, அடுத்த மாசம் நாம மூணு பேரும் மலேசியாவுக்குப் போறோம்."

மாஜிதா வாயிலிருந்த பிஸ்கெட்டை விழுங்கிவிட்டு அலுப்போடு கேட்டாள்:

"மறுபடியுமா?"